எதுவும் கேட்காத கடிதங்கள்

லிகோரி வந்து சேர்ந்தபோது அம்மாவை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தோளில் தொங்கிய பையை இறக்காமல் வாசலிலேயே நின்றான். உள்ளே அம்மாவின் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"எப்ப?" என்றான்.

அக்கா டெல்பின் அவன் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தாள். நான்கு கடிதம் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஒன்று. கிடைக்கிற துறைமுகத்தில் இறங்கி வா என்று ஒன்று. இனி அவசரப்பட வேண்டாம் என்று கடைசியாக ஒன்று. நான்கில் ஒன்றுகூட அவன் கப்பலுக்குப் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்து, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று போன்கூடச் செய்யாமல், ஒன்றும் தெரியாமல்தான் வந்திருந்தான். அம்மாவின் முழங்கால் வலிக்கென்று சிங்கப்பூரில் வாங்கிய தைலம் பையில் இருந்தது.

அது கப்பல்களைக் கரையிலிருந்தே ஓட்டத் தொடங்கிவிட்ட காலம். முன்பு இருபத்திரண்டு பேர் போன கப்பலில் ஏழு பேர் போனார்கள். செயற்கைக்கோள் இணைப்பை ஏறக்குறைய முழுதாகக் கப்பலை ஓட்டும் கணினிகளே எடுத்துக்கொண்டன. மிச்சத்தில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு நூறு பக்க எழுத்து. துறைமுகத்தைத் தொட்டால்தான் குரல் கேட்கலாம். அந்த வாரமும் அடுத்த வாரமும் லிகோரியின் நூறு பக்கத்தையும் திங்கட்கிழமை காலையிலேயே குப்பை மெயில்கள் தின்று தீர்த்துவிட்டன. முடி வளர்க்கும் எண்ணெய், குலுக்கல் பரிசு, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்ததாகச் சொல்லிக்கொண்ட யாரோ ஒருத்தி. அக்காவின் கடிதங்கள் அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

அந்த வரிசையை நடத்தியதே டெல்பின்தான். தூத்துக்குடியில் கடலோடிகளின் குடும்பங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தன. மன்றத்துக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர், பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஓயாமல் இரைந்துகொண்டு இருந்தது. பதினான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது அவள்.

"பரவால்லக்கா," என்று மட்டும் லிகோரி சொன்னான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கொச்சிக்குப் போய் மறுபடி கப்பல் ஏறினான். அந்த நாட்களில் இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள், சேர்ந்தே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கழிந்த அந்த மூன்று நாளைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவன் போன மறுநாள் டெல்பின் சர்வர் அறைக்கு வந்து, நிறுத்தி வைத்திருந்த குப்பைகளில் நானூறை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள்.

மன்றத்தின் தலைவர் மச்சாது ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர். எழுபது வயது. தினமும் நாலு மணிக்கு ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனோடு மாடியேறி வருவார்.

"இத மூடிட்டு, ஊர்ல எல்லாரும் மாதிரி பெரிய கம்பெனிக்காரன்ட்ட குடுத்துட்டா என்னம்மா?" என்று கேட்டார்.

"குடுக்கலாம் அங்கிள். கடுதாசி பூராவும் அவன் வாசிப்பான். நூறு பக்கத்துல பாதிய அவன் விளம்பரத்துக்கு எடுத்துக்குவான்."

"அப்ப வேண்டாம். முன்னால ஏதோ தந்திரம் வச்சிருந்தியே, அஞ்சு நிமிஷம் கழிச்சு வான்னு?"

"ஆமா. தெரியாத சர்வர் வந்து கதவத் தட்டுனா, கொஞ்ச நேரம் கழிச்சு வான்னு திருப்பி அனுப்பிருவேன். ஒழுங்கான சர்வர்னா திரும்ப வரும். குப்பை அனுப்புறவன் லட்சம் வீட்டுக்குப் போகணும், அவனுக்குப் பொறுமை கெடையாது. வர மாட்டான்."

"இப்ப?"

"இப்ப அவனும் வரிசையில நிக்கப் படிச்சிட்டான். நம்ம ஆளுங்கள விட ஒழுங்கா நிக்கான்."

மச்சாது சிரித்தார். டெல்பின் சிரிக்கவில்லை. பத்துக் கடிதங்களை அவர் முன்னால் பரப்பினாள். "இதுல அஞ்சு மனுஷங்க எழுதுனது. அவங்கட்ட கேட்டுதான் எடுத்தேன். அஞ்சு எந்திரம் எழுதுனது. எது எதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். சுத்த எந்திரம் என்று அவர் ஓங்கிச் சொன்ன கடிதம், அவருடைய மனைவி மருமகனுக்கு எழுதியது.

"ஆன்ட்டிட்ட சொல்லிராத," என்றார்.

"எழுதுனது யாருன்னு பாத்தா இனிமே தெரியாது அங்கிள். பேரப் பாத்தும் தெரியாது. கப்பல்ல உள்ள ஸ்கிரீன்ல பேரு மட்டுந்தான் வரும், முகவரி வராது. நான் இத்தன நாள் தப்பான எடத்துல தேடிட்டு இருந்திருக்கேன். இந்த நானூறுலயும் ஒரே ஒரு விஷயந்தான் பொது. எல்லாமே நம்மகிட்ட என்னத்தையோ கேக்குது. இத அமுக்கு, அதுக்குப் பதில் போடு, இங்க வா. அன்பா எழுதுனாலும், அழுது எழுதுனாலும், கடைசியில கை நீட்டுது."

மச்சாது மக்ரூனைக் கடித்தபடி யோசித்தார். "அப்ப கேக்குற அளவ அளந்துரலாம்ங்கியா?"

"அதான்."

மூன்று வாரத்தில் அந்த வடிகட்டியை எழுதி முடித்தாள். வருகிற ஒவ்வொரு கடிதமும் வாசிப்பவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பதை அது ஒரு எண்ணாகச் சொல்லும். பூஜ்யம் முதல் நூறு வரை. நாற்பதுக்குக் கீழே இருந்தால் நேரே கப்பலுக்கு. மேலே போனால் நிற்கும், ஏன் நின்றது என்று அனுப்பியவருக்குச் சேதி வரும். அனுப்பியவர் குடும்பத்து ஆள்தான் என்றால் மன்றத்துக்கு நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மறுநாள் போய்விடும். வீட்டுக் கடிதம் எதையும் மனிதக் கண் பார்க்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. டெல்பின் எண்களை மட்டுமே பார்த்தாள், அதிலும் நின்றவற்றின் எண்களையும் வீடுகளின் சராசரியையும்தான்.

வடிகட்டி வேலை செய்தது. முதல் வாரத்தில் ஒன்பதாயிரம் குப்பைகள் நின்றன. மூன்றாம் மாதத்தில் அனுப்புகிறவர்களுக்கே சலித்துவிட்டதுபோல வரத்தே குறைந்தது. சமையல்காரர் ஒருவர் செங்கடலிலிருந்து எழுதினார்: நாலு வருசத்துல முதல் தடவையா வீட்டுக் கடுதாசி எல்லாத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சேன்.

வடிகட்டியை ஓடவிட்ட முதல் நாளே டெல்பின் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினாள். "ஏல, என்னை மன்னிச்சிரு. ஒரு வரியாவது எழுது. நீ பேசாம இருக்கது தாங்க முடியல." அனுப்பினாள். நின்றது. எண்பத்துமூன்று. தன் கடிதத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டு விடுவித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. தாயைப் பறிகொடுத்தவனிடம் போய் எண்பத்துமூன்று அளவுக்குக் கேட்கிறேனே என்று நினைத்தாள். அழித்துவிட்டாள். பிறகு எழுதவில்லை. அவனிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கோபமாக இருக்கிறான், இருக்கட்டும், அது அவன் உரிமை என்று எடுத்துக்கொண்டாள்.

குடும்பங்களிலிருந்து போகும் கடிதங்களின் சராசரி எண்ணை மாதாமாதம் குறித்துவைப்பது அவள் வழக்கம். ஜூனில் முப்பத்தொன்று இருந்தது. ஜூலையில் இருபத்தாறு, ஆகஸ்டில் பத்தொன்பது, செப்டம்பரில் பதினொன்று. மச்சாதுவிடம் காட்டினாள்.

"குப்பை குறைஞ்சிருக்கும்," என்றார் அவர்.

"இது குப்பை இல்ல அங்கிள். நம்ம வீட்டுக் கடுதாசி மட்டும். எதுக்குக் குறையுதுன்னு தெரியல."

"சண்ட கொறைஞ்சிருக்கு போல. நல்லதுதான?"

அக்டோபரில் ஒரு நாள் காலையில், மணப்பாட்டிலிருந்து எமரென்சி வந்தாள். கப்பலில் மேல்தள ஆட்களுக்குத் தலைவனான போசன் கஸ்பாரின் மனைவி. முப்பத்தெட்டு வயதிருக்கும். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உறைக்குள் ஸ்கேன் படம் இருந்தது.

"என்னது இது?" என்றாள் டெல்பின்.

"மார்ல கட்டி. வியாழக்கெழம ஆப்பரேஷன்." நெல்லிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"கஸ்பாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. மூணு வாட்டி எழுதுனேன். பயமா இருக்கு, எப்பிடியாவது வந்துருங்கன்னு. மூணு வாட்டியும் நின்னுபோச்சி. கையெழுத்துப் போட வரணும்னா ஒரு நாள் பூரா போயிரும், பிள்ளைய எங்க விட? மூணாவது வாட்டி நின்னப்ப எனக்கே யோசன வந்துச்சி. ஒரு மிஷினுக்கே நான் ரொம்பக் கேக்குறேன்னு தோணுதுன்னா, அவருக்கு எப்பிடி இருக்கும்? அதுக்கப்புறம் 'இங்க எல்லாரும் சொகம்'னு எழுதுனேன். உடனே போயிருச்சி."

டெல்பினுக்கு அந்த நான்கு மாத எண்கள் கண்முன் வந்து நின்றன. முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது, பதினொன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்தியிருந்தன.

"இப்பவே எழுது," என்றாள். "நான் கையெழுத்துப் போடுதேன்."

"அது இருக்கட்டும். நான் வந்தது அதுக்கில்ல." எமரென்சி போனை எடுத்துக் கணவனின் கடிதம் ஒன்றைக் காட்டினாள். அதில் ஒரு வரி: உப்பளத்துல மழ பேஞ்சத நீ எழுதியிருந்த மாதிரி யாரும் எழுத முடியாது, நாலு தடவ வாசிச்சேன்.

"நான் உப்பளத்தப் பத்தி எழுதவே இல்லக்கா. மணப்பாட்டுல ஏது உப்பளம்? யாரு இவருக்கு என் பேர்ல எழுதுதா?"

டெல்பின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கஸ்பாருக்கு எமரென்சி என்ற பெயரில் இரண்டு பேரிடமிருந்து கடிதம் போய்க்கொண்டிருந்தது. ஒன்று வாரம் ஒருமுறை, மணப்பாட்டிலிருந்து. இன்னொன்று தினமும். முகவரியில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், அதுவும் நாளுக்கு நாள் மாறியது. கேட்பு எண்ணைப் பார்த்தாள். பூஜ்யம். மே மாதக் கடைசியிலிருந்து ஒவ்வொரு நாளும் பூஜ்யம்.

அவள் பூஜ்யத்தை அதுவரை பார்த்ததில்லை. 'சாப்பிட்டீங்களா' என்ற ஒரு சொல்லுக்கே நாலு வரும்.

"வாசிங்கக்கா," என்றாள் எமரென்சி. "என் பேருதான போட்டிருக்கு. நான் சொல்லுதேன், வாசிங்க."

டெல்பின் திறந்தாள்.

"இன்று உப்பளத்தில் மழை. பாத்தியில் கட்டி நின்ற உப்பெல்லாம் கரைந்து போயிற்று. வேலைக்கு வந்தவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடாமல் நனைந்துகொண்டே நின்றாள். உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பதில் எழுதவேண்டும் என்றில்லை."

எமரென்சி திரைப் பக்கம் குனிந்து இன்னொரு தடவை வாசித்தாள். "நல்லாத்தான் எழுதுதா," என்றாள் பிறகு.

பூஜ்யம் பெற்ற கடிதங்களை எல்லாம் தேடும்படி சர்வருக்குக் கட்டளை கொடுத்தாள் டெல்பின். நூற்று நாற்பது பேருக்குப் போயிருந்தன. மனைவி பெயரில், அண்ணன் பெயரில், மகள் பெயரில்.

மச்சாதுவைப் போனில் கூப்பிட்டாள். மூச்சு வாங்க மாடியேறி வந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணுமே கேக்கலியேம்மா. இதுல அவனுக்கு என்ன லாபம்?"

"அதான் எனக்கும் புரியல."

"பதில் போயிருக்கா?"

கப்பலுக்குப் போனவை சர்வரில் அப்படியே இருக்கும்; கப்பலிலிருந்து வெளியே போகும் கடிதங்களை முப்பது நாள் வைத்திருக்கும். பாதி வழியில் இணைப்பு அறுந்தால் மறுபடி அனுப்புவதற்காக. டெல்பின் திறக்கவில்லை, நீளத்தை மட்டும் பார்த்தாள். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அரைப் பக்கம், கால் பக்கம். பூஜ்யக் கடிதங்களுக்கு எழுதிய பதில்கள் நாலு பக்கம், ஆறு பக்கம், ஒன்று பதினோரு பக்கம்.

மச்சாது நாற்காலியில் உட்கார்ந்தார். "புரிஞ்சிட்டு," என்றார். "ஏழு பேரு போற கப்பல்ல ராத்திரி பகலா தனியா உக்காந்திருக்கவன் என்னத்த எழுதுவான்? இன்னிக்கு இந்த எடத்துல நிக்கோம், இன்ன துறைமுகத்துக்கு ரெண்டு நாள் லேட்டு, எஞ்சின்ல இன்ன கோளாறு, கோதுமையில தண்ணி ஏறிட்டு. இதத்தான் எழுதுவான். நானும் இருவத்தாறு வருசம் இதத்தான் எழுதுனேன். சரக்கு வெலையில சூதாடுறவனுக்கு இது ஒரு நாள் முந்திக் கெடைச்சாப் போதும். அவன் எதுக்குக் கேக்கணும்? கேக்காம இருந்தா நம்மாளே சொல்லிருவான்."

"என் வடிகட்டிதான் அவன் எந்திரத்துக்குச் சொல்லிக் குடுத்துருக்கு," என்றாள் டெல்பின். "கேட்டா நிக்கும், கேக்காட்டா போகும்னு."

நூற்று நாற்பது வீடுகளுக்கும் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். பட்டியலை அச்செடுத்து, விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தாள். அறுபத்துமூன்றாவது பெயரில் விரல் நின்றது. பெறுபவர் லிகோரி. அனுப்புபவர் டெல்பின்.

அவள் முகத்தைப் பார்த்த மச்சாது பட்டியலை எட்டிப் பார்த்தார். "எமரென்சி, வா, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்," என்று அவளை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தன் பெயரில் போன கடிதங்களைத் தான் வாசிப்பதில் விதி குறுக்கே நிற்காது. டெல்பின் வாசித்தாள். மொத்தம் நூற்று முப்பத்தெட்டு. அவள் எழுதாத நூற்று முப்பத்தெட்டு கடிதங்கள். முதல் சிலவற்றில் கடற்கரைக் காற்றும், தெருவில் குட்டி போட்ட பூனையும் வந்தன. நாலைந்து கழித்து, அவன் என்ன பதில் எழுதினானோ, அம்மா வந்துவிட்டார்கள்.

"தம்பி, அம்மா கடைசியில் உன் பெயரைத்தான் சொன்னார்கள். வலி ஏதும் இல்லாமல் போனார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உன்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. நீ இதற்கு எதுவும் எழுத வேண்டாம்."

டெல்பின் அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை வாசிக்கவில்லை. அம்மா மூன்று நாளும் கண்ணைத் திறக்கவில்லை. தொண்டையில் குழாய். பெயர் சொல்ல வாய் ஏது? ஆனால் தான் எழுத நினைத்து எழுதாமல் போன கடிதம் இப்படித்தான் இருந்திருக்கும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. இதைவிடக் கொஞ்சம் மோசமாக.

அவனுடைய பதில்களில் கடைசி முப்பது நாளுக்கானவை இருந்தன. 'அக்காவுக்கு' என்றுதான் எல்லாம் தொடங்கின. வாசித்தாள். தூக்கம் வருவதில்லை என்றிருந்தான். மலாக்கா நீரிணையில் மூன்று நாள் நின்றதை எழுதியிருந்தான். எஞ்சின் அறைச் சத்தத்தில் அம்மா இருமுவதுபோலக் கேட்கிறது என்றிருந்தான். எங்கோ முகம் தெரியாத ஒருவன் இதையெல்லாம் கிளறி, அதிலிருந்து 'மலாக்கா, மூன்று நாள்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டிருப்பான்.

மச்சாதுவும் எமரென்சியும் திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிரணும் அங்கிள். எல்லாருக்கும்."

"யோசிச்சுச் செய்யணும்மா. அஞ்சு மாசம் வந்த கடுதாசி ஒம் பொண்டாட்டி எழுதுனதில்லன்னு நடுக்கடல்ல உள்ளவன்ட்ட எப்பிடிச் சொல்ல? பேசாம அந்த முகவரிய மட்டும் அடைச்சிரு."

"அடைச்சா? பொண்டாட்டி எழுதுறத நிறுத்திட்டான்னு நெனைப்பான். அதுவும் நம்ம சொன்ன பொய்தான்."

மச்சாது எமரென்சியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

எமரென்சி ஸ்கேன் உறையின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். "நானா இருந்தாச் சொல்லிருவேன். அவளுக்கு நல்லா எழுத வருது. எனக்கு வராது. ஆனா வியாழக்கெழம அவளுக்கா ஆப்பரேஷன்?"

அங்கேயே உட்கார்ந்து போனில் எழுதினாள். எழுத்துப் பிழையோடு, முற்றுப்புள்ளி இல்லாமல், இடையிடையே மூக்கைச் சிந்திக்கொண்டு. வந்துருங்க, பிள்ளைய யார்ட்ட விட, பயமா இருக்கு, நான் செத்துட்டா என்ன செய்வீங்க, எனக்குப் பதில் போடுங்க, இன்னிக்கே போடுங்க. அனுப்பியதும் கடிதம் நின்றது. தொண்ணூற்றெட்டு. ஐந்து மாதத்தில் எந்தக் குப்பையும் அவ்வளவு வாங்கியதில்லை. டெல்பின் அந்த எண்ணை எமரென்சியிடம் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை. வடிகட்டியையே நிறுத்தினாள். வரிசையில் நின்ற எல்லாக் கடிதங்களும் நகர்ந்தன, எமரென்சியுடையது முதலில்.

பிறகு தம்பிக்கு எழுதினாள். "ஏல, என் பேர்ல உனக்கு வந்ததுல ஒண்ணுகூட நான் எழுதுனதில்ல. எவனோ எந்திரத்த வச்சு எழுதுனது. அம்மா உன் பேரச் சொல்லல. மூணு நாளும் கண்ணத் தொறக்கல. இத இத்தன நாள் சொல்லாம இருந்தது என் தப்பு." அனுப்பிவிட்டு, மற்ற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் மன்றத்தின் பெயரில் அறிவிப்பை எழுத உட்கார்ந்தாள்.

குப்பைகள் அந்த வாரமே திரும்பி வந்தன. டெல்பின் இப்போது வேறு ஒன்று செய்தாள். எந்தக் கடிதத்தையும் முழுதாக அனுப்பவில்லை. ஒவ்வொன்றின் முதல் இரண்டு வரியும் அனுப்பியவரின் முழு முகவரியும் மட்டும் கப்பலுக்குப் போகும். வேண்டியதைக் கடலில் இருப்பவனே எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் வாரத்துக்கு ஏழெட்டுப் பக்கம் வீணானது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நூற்று நாற்பது பேரில் பத்தொன்பது பேர், எழுதுவது யாராக இருந்தாலும் சரி, அந்தக் கடிதங்களை நிறுத்திவிட வேண்டாம் என்று எழுதினார்கள். மச்சாது அந்தப் பத்தொன்பதையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தார். "நிறுத்தாத," என்றார் கடைசியில். "எந்திரம்னு தெரிஞ்சு வாசிக்கட்டும். பதில் எழுதுறதுக்கு முந்தி யோசிப்பான்."

கஸ்பார் கொழும்பில் இறங்கி, புதன்கிழமை சாயங்காலம் மணப்பாடு வந்து சேர்ந்தான். கட்டி கெட்டதுதான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன டெல்பினிடம் எமரென்சி, "வந்ததுலேருந்து என்னயக் கேள்வியாக் கேட்டுக் கொல்லுதாரு," என்று புகார் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கஸ்பார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

லிகோரியிடமிருந்து ஒன்பது நாள் எதுவும் வரவில்லை. பத்தாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது வந்தது.

"அக்காவுக்கு. அது நீ இல்லங்கது எனக்கு மொத வாரமே தெரியும். நீ என்னயத் தம்பின்னு எழுதவே மாட்ட. ஆனா நான் வேற ஒண்ணு நெனச்சிட்டு இருந்தேன். நீதான் அந்த எந்திரத்தச் செஞ்சு எனக்கு எழுத வச்சிருக்கன்னு நெனச்சேன். உன்னால எழுத முடியல, அதுக்காக இப்பிடி ஒண்ணு ஏற்பாடு செஞ்சிருக்கன்னு. மொதல்ல கோவம் வந்துச்சு. பொறகு, நம்ம அக்கா நமக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்காளேன்னு எல்லாத்தையும் வாசிச்சேன், எல்லாத்துக்கும் பதில் போட்டேன். நீ எங்கயோ இருந்து பாத்துட்டு இருப்பன்னு நெனச்சுதான் போட்டேன். அது உன் ஏற்பாடே இல்லன்னு தெரிஞ்சதுலதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அம்மா என் பேரச் சொன்னாங்கன்னு அது எழுதுனத நான் நம்பல. உன்னால நேரடியாச் சொல்ல முடியாத ஏதோ ஒண்ண மறைக்கத்தான் அப்பிடி எழுதச் சொல்லியிருக்கன்னு நெனச்சேன்.

இப்ப நீயே சொல்லு. அந்த மூணு நாளும் என்ன நடந்துச்சு? வீட்டுல வச்சுக் கேட்டிருக்கணும், வாய் வரல. இப்பக் கேக்குதேன். ஒண்ணு விடாம எழுது. இந்த வாரம் வேற யாரு கடுதாசியும் நான் எடுக்கப் போறதில்ல. நூறு பக்கமும் உனக்குத்தான்."

டெல்பின் சாப்பிடப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் நாளிலிருந்து தொடங்கலாமா என்று பார்த்தாள். ஆம்புலன்ஸ், வார்டு, டாக்டர் சொன்னது. இரண்டு வரி எழுதி அழித்தாள். கடைசி நாளின் மத்தியானத்தை எழுதாமல் மற்றதை எழுதினால், அவளும் அந்த எந்திரத்தைப்போல நன்றாக எழுதியவள் ஆவாள். அதை அவள் பூசைக்கு வந்த சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"ஏல லிகோரி," என்று தொடங்கினாள். "அம்மா போனப்ப நான் பக்கத்துல இல்ல. கைய யாரும் பிடிச்சிருக்கல. ரெண்டரை மணிக்கு நர்சு போன் பண்ணுனப்ப நான் இந்த ரூம்லதான் இருந்தேன். உன் வரிசையில நின்ன குப்பையை எல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சிட்டு இருந்தேன். 'கெளம்பி வா'ங்கற அந்தக் கடுதாசிய எப்பிடியாவது வரிசையில முன்னால தள்ளிவிட்டுரலாம்னு. இன்னும் பதினேழுதான் மிச்சம் இருந்துச்சு."

பிறகு முதல் நாளுக்குப் போனாள்.